வாய்விட்டு எண்ணுதல்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரம் முதலிய அக்கம்பக்கத்து ஊர்களிலும் இராப்பகலாய் ஓடும் விசைத்தறிகளில் பெரும்பாலானவை நெய்வது உடுத்தும் துணி அன்று, புண்ணுக்குக் கட்டும் துணி. புடைவைக்குரிய நெருக்கமோ வேட்டிக்குரிய கரையோ இல்லாமல், ஊடும் பாவும் விலகி நின்று மறுபுறம் தெரியும்படி நெய்யப்படும் அந்தத் துணி, தறியிலிருந்து இறங்கும்போது மங்கிய பழுப்பாக இருந்து, காரத்தில் வெந்து, வெளுப்பேறி, உலர்ந்து, மடிந்து, தேசத்தின் பல ராஜ்யங்களிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போகிறது. அந்தத் தறிச் சத்தத்தில் உறங்கி வளர்ந்து, பிறகு நர்ஸ் உத்தியோகத்தை மேற்கொண்டு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலேயே என் ஊழியத்தின் பெரும்பகுதியைக் கழித்தவளாதலால், காஸ் துணியை அதன் இரண்டு முனைகளிலும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது: நெய்கிற முனையிலும், நனைகிற முனையிலும்.

பருத்தி நூலுக்கு இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. அது நீங்காத வரையில் தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக உருண்டோடும். காரச் சோடாவில் வேகவைத்து அந்த மெழுகைப் போக்கிய பிறகே உறிஞ்சும் சக்தி உண்டாகிறது. இதற்கு வைத்திருக்கும் பரீட்சையும் எளியது. துணியைத் தண்ணீரின்மேல் மெல்ல விட்டால் 10 விநாடிக்குள் அது மூழ்கியாக வேண்டும். இவ்வளவு சிரத்தையுடன் வரவழைத்த அந்தக் குணந்தான், ஆபரேஷன் மேஜையின்மேல் ஆபத்துக்கும் காரணமாகிறது. ரத்தத்தைக் குடித்த காஸ் துணி தன் வெண்மையையும் வடிவத்தையும் இழந்து, சதையோடு சதையாகவும் குடலோடு குடலாகவும் ஒட்டிக்கொள்ளும்போது, பழகிய கையும் கூர்ந்த கண்ணும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது எந்தத் தேசத்திலும் நடப்பதே. உள்ளே தங்கிய துணி சில நாட்களில் சீழ் வைத்து வெளிப்படலாம்; ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்து, ஏதோ கட்டி என்று நினைத்து மறுபடியும் வயிற்றைத் திறக்கும்போதும் வெளிப்படலாம். கண்ணை நம்ப முடியாத அந்த இடத்தில் நம்புவதற்கு எண்ணிக்கை ஒன்றே மிஞ்சுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காஸ் துணி இப்போதுபோல் கணக்கிட்டுப் பொட்டலமாக வருவதில்லை, சுருளாக வரும். இரவு ட்யூட்டியில், வார்டு அடங்கிய பிறகு, அதைக் கத்தரித்து, பிசிறு விளிம்புகள் உள்ளே போகும்படி மடித்து, பத்துப் பத்தாகக் கட்டி, ட்ரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவுக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு. விளிம்பு வெளியே நின்றால் நூல் பிரிந்து புண்ணில் தங்கும். ஒரு துணியோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு மடிந்துவிட்டாலோ, கட்டில் பத்துக்குப் பதினொன்று இருக்கும். அப்புறம் மறுநாள் தியேட்டரில் எண்ணுகிறவள் எத்தனை ஜாக்கிரதைக்காரியாக இருந்தாலும் அவளுடைய கணக்குக்கு அஸ்திவாரம் இல்லை. இதை உணர்ந்திருந்த எங்கள் மூத்த சிஸ்டர் ஒருவர் ஒரு நியமம் வைத்திருந்தார். மடிப்பவள் ஒருத்தி, எண்ணிக் கட்டுகிறவள் வேறொருத்தி. எண்ணும்போது உதடு அசைந்தால் மட்டும் போதாது, எதிரில் இருப்பவள் காதில் விழ வேண்டும். “மனசுக்குள்ள எண்ணாதடி. நடுச்சாமத்துல மனசு ஏழுக்கு அப்புறம் ஒம்பதுக்குப் போயிரும், அது போனது உனக்கே தெரியாது” என்பார். அவர் எங்களுக்கு நர்ஸிங் கல்லூரியில் பாடம் எடுத்தவர் அல்லர். ஆயினும் படுக்கையருகில் ரோகியைக் காப்பது எது என்ற கேள்விக்கு நான் பின்னால் கண்ட விடைகள் எல்லாம் அந்த ஒரு நியமத்தின் விரிவே என்பது என் அபிப்பிராயம்.

வயிற்று ஆபரேஷனுக்கு உபயோகிக்கும் பெரிய மாப் துணிகளுக்கு ஒரு நாடா வால் தைத்திருக்கும். அந்த வால் காயத்துக்கு வெளியே தொங்க, அதன் நுனியில் ஓர் இடுக்கியை மாட்டி வைப்பார்கள். பேரியம் கலந்த இழை ஒன்றும் துணியில் ஓடும். எக்ஸ்ரேயில் அது கோடாகத் தெரியும். இவை எண்ணிக்கை பிசகிய பிறகு தேட உதவும் உபாயங்கள். கத்தி வைக்கும் முன் ஒரு தரம், உள்ளறையை மூடும் முன் ஒரு தரம், தோலைத் தைக்கும் முன் ஒரு தரம் என்று, கைகழுவி உறை போட்டு நிற்கும் நர்ஸும் வெளியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நர்ஸும் சேர்ந்து, ஒவ்வொரு துணியையும் பிரித்துக் காட்டி வாய்விட்டு எண்ணுவதே முறை. உலக சுகாதார ஸ்தாபனம் 2008-இல் வெளியிட்ட ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியலின் 19 அம்சங்களுள் இந்த எண்ணிக்கையும் ஒன்று. டெல்லி உட்பட உலகின் 8 நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகள் அந்தப் பட்டியலை அனுஷ்டித்துப் பார்த்ததில், ஆபரேஷனை ஒட்டிய மரணம் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகவும், பெருஞ்சிக்கல்கள் நூற்றுக்கு 11 என்பதிலிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009 ஜனவரியில் பிரசுரமான ஆய்வு தெரிவித்தது. அந்தப் பட்டியலில் புதிய ஔஷதமும் இல்லை, விலையுயர்ந்த யந்திரமும் இல்லை. அறையில் நிற்பவர்கள் தத்தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்வது, படுத்திருப்பவர் யார், எந்தப் பக்கத்தில் என்ன ஆபரேஷன் என்பதை எல்லோரும் கேட்க உரைப்பது, முடிவில் துணியையும் ஊசியையும் ஆயுதங்களையும் எண்ணிச் சொல்வது ஆகிய இவைபோன்ற பேச்சுக் காரியங்களே அதில் பெரும்பகுதி.

அதே பட்டியல், ரோகி வார்டுக்குத் திரும்பிப் போன பிறகு, ஒருவர் காபி குடித்துக்கொண்டே வரிசையாக டிக் போட்டு முடிக்கும் காகிதமாகவும் ஆகக்கூடும். பல இடங்களில் ஆகியிருக்கிறது. தரச் சான்றிதழுக்காகச் சோதனைக்கு வருகிறவர்களிலும் இரண்டு வகையினர் உண்டு. ஒரு வகையினர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துத் திருப்தியடைவார்கள். மற்ற வகையினர் தியேட்டருக்குள் போய், அங்கே வயதில் எல்லாரினும் இளையவளாக நிற்கும் பெண்ணைத் தனியே அழைத்து, “கணக்கு ஒன்று குறைந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்பார்கள். அந்தப் பெண் பதில் சொல்லு முன் டாக்டரின் முகத்தைப் பார்க்கிறாளா என்பதிலேயே அவர்களுக்கு வேண்டிய விவரம் கிடைத்துவிடும்.

பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆஸ்பத்திரியில், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, தையல் போடும் தறுவாயில், “சார், ஒண்ணு குறையுது” என்றாள். சர்ஜன் நல்ல கைராசிக்காரர். ஆனால் அன்று வரிசையில் இன்னும் மூன்று கேஸ் காத்திருந்தது. “நல்லா எண்ணிப் பாரும்மா” என்றார். எண்ணினாள், குறைந்தது. மறுபடி வயிற்றுக்குள் தேடினார்கள், வாளியில் தேடினார்கள், மேஜைக்கு அடியில் தேடினார்கள். கடைசியில் விரிப்பின் மடிப்பு ஒன்றில் அந்தத் துணி அகப்பட்டது. இருபது நிமிஷம் வீணாயிற்று என்று சர்ஜன் சலித்துக்கொண்டார். வெளியே போகும்போது, “இனிமே சொல்றதுக்கு முன்னாடி நல்லா தேடிட்டுச் சொல்லு” என்றும் சொல்லிவிட்டுப் போனார். வசை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு அந்தப் பெண்ணிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். கணக்கில் சந்தேகம் வந்தால் அவள் முதலில் தானே வாளியைக் குடைவாள், ட்ரேயைப் புரட்டுவாள். அவள் குடைந்துகொண்டிருக்கும்போதே மேஜையில் தையல் ஓடிக்கொண்டிருக்கும். துணி வயிற்றில் இல்லாமல் விரிப்பில் கிடந்தது அந்த ரோகியின் அதிருஷ்டம். அப்படிக் கிடந்ததனாலேயே அவள் சொன்னது பிழை என்று ஆகிவிடாது. அவள் செய்தது முற்றும் சரியான காரியம், அதற்கு அந்த அறையில் கிடைத்திருக்க வேண்டியது நன்றி. வியன்னாவில் 1847-இல், பிரசவ வார்டுக்குள் நுழையும் வைத்தியர்கள் கிருமிகொல்லி நீரில் கைகழுவ வேண்டும் என்று செம்மல்வைஸ் என்ற வைத்தியர் சொன்னபோது, வார்டில் மரணம் குறைந்ததைக் கண்ணெதிரே கண்டும் அவர் காலத்துப் பெரியவர்களில் பலர் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. பட்டம் பெற்ற வைத்தியருக்கே அந்த கதி என்றால், ஒப்பந்தச் சம்பளத்தில் சேர்ந்த ஒரு நர்ஸ் எம்மாத்திரம்?

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வடத்தைப் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்; சக்கரத்தை ஒட்டி நடந்து, சறுக்குக்கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்பவர்கள் சிலரே. அவர்கள் கையைத் தூக்கினால் முன்னால் நிற்கும் அவ்வளவு பேரும் வடத்தைத் தளர்த்தியாக வேண்டும். எதற்காக நிறுத்தினாய் என்று அந்த நேரத்தில் எவரும் விவாதம் செய்வதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் கணக்குச் சொல்பவளுக்கும் அந்த அதிகாரம் வேண்டும் என்பதே என் கட்சி.

தியேட்டரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேனாயினும், ஆபத்துகள் வார்டிலும், கட்டிலருகிலும் நேருகின்றன. அங்கே துணிக்குப் பதில் பெயர்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் பெண்கள் வார்டில் ஒரே ஓர் ஆண்டாள்தான் இருக்கிறாள் என்று நிச்சயமாய் நம்பிவிடக் கூடாது. மாரியம்மாள், மாரீஸ்வரி, காளீஸ்வரி, முத்துலட்சுமி என்ற பெயர்கள் இந்த ஜில்லா முழுவதும் வீட்டுக்கு ஒன்றாக உண்டு. ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாள், அவர்களில் ஒருத்திக்குச் சர்க்கரை நோய், மற்றவளுக்கு இல்லை என்ற நிலையில், இன்சுலின் ஊசியை ஏந்திக்கொண்டு போகிற நர்ஸ், “நீங்கதானே மாரியம்மா?” என்று கேட்டால், இருவரும் “ஆமா தாயி” என்றே சொல்வார்கள். அவ்வளவு ஏன், காது கேளாத கிழவியும், மயக்கம் தெளியாதவளும், நர்ஸம்மா கேட்கிறாளே என்ற மரியாதைக்காகவே தலையை அசைத்துவிடுவார்கள். ஆகையால் பெயரை நாம் சொல்லி அவரை ஆமோதிக்கச் செய்வது உதவாது, “உங்க பேரு என்னம்மா?” என்று கேட்டு, அவர் வாயால் வரும் பெயரைக் கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

பெயர் ஒன்று போதாது, இரண்டாவது அடையாளம் வேண்டும் என்பது எல்லா நாட்டிலும் உள்ள விதி. புஸ்தகம் பிறந்த தேதியைக் கேட்கச் சொல்கிறது. இந்தப் பக்கத்துப் பாட்டிகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. கோடை மழை பெய்த வருஷம், பெரிய பஞ்சத்துக்கு மறு வருஷம் என்று ஒரு கணக்கு இருக்கும். சரி, புருஷன் பெயரைக் கேட்கலாம் என்றால், வயது முதிர்ந்த பெண்கள் பலர் அதை வாயால் உச்சரிக்கமாட்டார்கள். நான் அறிந்த ஒரு கிழவி, “அந்தா, பழனியில நிக்கிறாரே, அவரு பேரு” என்றார். பக்கத்துக் கட்டில் பெண் சிரித்துக்கொண்டே “முருகன்” என்று மொழிபெயர்த்தாள். ராஜபாளையத்திலோ, வீட்டில் தெலுங்கு பேசிப் பழகிய மூதாட்டிகள், வலி முற்றியபோது தமிழை அறவே விட்டுவிடுவார்கள். இத்தகைய இடத்தில் நாங்கள் கைக்கொண்ட வழி, ஊர்ப் பெயரைக் கேட்பது. தன் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசுகிறவரும் இல்லை, மறந்தவரும் இல்லை. மம்சாபுரத்து மாரியம்மாளும் சேத்தூர் மாரியம்மாளும் ஒரு நாளும் எங்களிடம் மாறிப்போனதில்லை. இப்போது மணிக்கட்டில் எண் எழுதிய பட்டை கட்டுகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டையைப் பார்த்துவிட்டோம் என்பதற்காகக் கேட்பதை நிறுத்திவிடலாகாது.

அடுத்தது, கட்டிலின் அடியில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள். நம் நாட்டு ஆஸ்பத்திரியில் ரோகியைத் திருப்பிப் படுக்க வைப்பதும், கஞ்சி புகட்டுவதும், பெட்பான் வைப்பதும், ராத்திரி மூச்சுத் திணறினால் ஓடி வந்து எழுப்புவதும் கூட இருக்கும் தாயோ மகளோ மதினியோதான் என்பது யாவருக்கும் தெரிந்த ரகசியம். ஆயினும் அவர்களைக் கூட்டம் என்று விரட்டத்தான் எங்களுக்குப் பழக்கமே தவிர, அவர்களுக்கு எதையாவது சொல்லித் தந்தோமா என்றால், மிகக் குறைவு. ட்ரிப்ஸ் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். சாதாரண ட்ரிப்ஸ் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். 500 மில்லி பாட்டில் ஒன்று எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டுமானால் நிமிஷத்துக்கு 21 சொட்டு. சீக்கிரம் இறங்கினால் சீக்கிரம் குணமாகும், அல்லது சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணிக்கொண்டு, உருளையை நெருடி வேகத்தைக் கூட்டிவிடும் அன்பான உறவினர்கள் எல்லா வார்டிலும் உண்டு. இருதயம் பலவீனமான வயோதிகருக்கு அந்த அன்பு நெஞ்சில் நீர் கோத்துப் பிராணாபாயத்தில் முடியலாம். “கையை வைக்காதீங்க” என்று அதட்டினால், நர்ஸ் திரும்பியதும் வைப்பார்கள். அருகில் அழைத்து, கடிகாரத்தைக் காட்டி, “ஒரு நிமிஷத்துக்கு இத்தனை சொட்டு விழணும், கூடுனாலும் குறைஞ்சாலும் என்னை வந்து கூப்பிடுங்க” என்று சொல்லி ஒரு தரம் எண்ணச் செய்தால், பள்ளிக்கூடம் போகாத பெண்ணும் இராமுழுதும் காவல் இருப்பாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் பக்கவாத நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப் புண்ணைத் தடுப்பதும் அவ்வாறே. தறியில் இழை அறுந்ததைச் சத்தத்திலேயே கண்டுகொள்ளும் பெண்கள் இவர்கள். கவனிக்கத் தெரியாதவர்கள் என்று இவர்களை எண்ணுவது எங்கள் அறியாமை.

2018 டிசம்பரில் எங்கள் ஜில்லாவையே உலுக்கிய ஒரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில், ரத்தசோகையால் வாடிய ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதைத் தானம் செய்த இளைஞர் 2016-லும் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே சோதனையில் கிருமி தெரிந்திருந்தும் அந்தச் செய்தி அவரை எட்டவே இல்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த சோதனையில் விஷயம் தெரிய வந்ததும், அந்த இளைஞர் தாமே ரத்த வங்கிக்கு வந்து சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அந்த இளைஞர் இறந்துபோனார். விசாரணை, நடவடிக்கை, மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் நஷ்டஈட்டு உத்தரவு எல்லாம் பிறகு வந்தன. பத்திரிகைகள் பரிசோதனையின் குறையைப் பற்றியே அதிகம் எழுதின, அது நியாயமே. எனக்கோ வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருந்த செய்தி இரண்டு வருஷகாலம் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகவில்லை. கடைசியில் வாய்திறந்தவர், சம்பளமோ பதவியோ இல்லாத, தமக்கு அவமானம் நேரும் என்று தெரிந்தும் வந்து நின்ற அந்த இளைஞர் ஒருவர்தான்.

இக்காரணங்களால், ட்யூட்டி மாறும்போது ‘ஓவர்’ கொடுக்கும் முறையில் எனக்குப் பிடிவாதமான ஒரு கொள்கை உண்டு. மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து, “பன்னிரண்டாம் பெட் பரவாயில்லை, பதின்மூணு டிஸ்சார்ஜ்” என்று ஒப்பித்துவிட்டுப் போவது ஓவர் ஆகாது. போகிறவளும் வருகிறவளும் கட்டில் கட்டிலாக நடந்து, வென்ஃப்ளான் போட்ட கை வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, வடிகுழாயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கொடுத்த மருந்தையும் கொடுக்க வேண்டிய மருந்தையும் ரோகியும் கூட இருப்பவரும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போதுதான், “அந்தக் காலை ஊசி போடலை தாயி, டாக்டர் வந்துட்டாருன்னு அவசரத்துல போனாக” என்று கட்டிலிலிருந்து ஒரு திருத்தம் வரும். அல்லது, “அவளுக்கு பென்சிலின் ஒத்துக்காது, போன தடவை உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு” என்று, எந்த ஷீட்டிலும் இல்லாத ஒரு தகவல் பாயிலிருந்து எழும்.

இதற்கு ரோகிகளிடமிருந்து ஆட்சேபம் வந்து நான் பார்த்ததில்லை. ஆட்சேபம் நேரத்திலிருந்துதான் வந்தது. பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து ரோகிகளுக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. இரவில் ஒரு பெரிய வார்டுக்கே ஒருத்தியாக நின்றவர்களுக்கு அந்த அளவைச் சொன்னால் சிரிப்பார்கள். 2015 முதல் தேர்வு வாரியத்தின் மூலம் எடுக்கப்பட்ட நர்ஸ்கள் பலர், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கி, நிரந்தரம் ஆகாமலே ஆண்டுகளை ஓட்டியவர்கள். பன்னிரண்டு மணி நேர இரவு ட்யூட்டியை முடித்து, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் பிடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய ஒருத்தியிடம், கட்டில் கட்டிலாக இன்னும் அரை மணி நட என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? ட்யூட்டிப் பட்டியலில் ஒருத்தி போகும் நிமிஷமும் மற்றவள் வரும் நிமிஷமும் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஓவர் கொடுக்கும் நேரம் என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. வருகிறவளை அரை மணி முன்னதாக வரச்சொல்லி, அந்த அரை மணியையும் வேலை நேரமாகக் கணக்கில் சேர்த்து, அதற்கேற்ப ஆட்களையும் கூட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு அவர்களை ஓவர் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்கலாம்.